போக எட்டு மணி, வர ஏழு மணி: விமானத் தூரமும் பயண நேரமும்

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் போக, கால அட்டவணையில் ஏறக்குறைய 8 மணி நேரம் போட்டிருக்கும். அதே வழியில் திரும்பி வர 7 மணி நேரம்தான். தூரம் எவ்வளவு என்று தேடினால் ஓரிடத்தில் 5,540, இன்னோரிடத்தில் 5,555, வேறோரிடத்தில் 3,451, மற்றோரிடத்தில் 2,991 என்று வரும். இவற்றில் எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். எந்த எண் எந்தக் கேள்விக்கு உரியது என்று தெரிந்துகொண்டால், உலகின் எந்த இரண்டு நகரங்களுக்கும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

முதலில் அலகு. 5,540, 5,555 இரண்டும் கிலோமீட்டர். 3,451 என்பது தரை மைல். ஒரு தரை மைல் 1.609 கி.மீ. 2,991 என்பது கடல் மைல். ஒரு கடல் மைல் சரியாக 1,852 மீட்டர். விமானிகளும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் பேசுவது கடல் மைலில்தான். பூமியின் நடுவிலிருந்து பார்த்தால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு கலை, தரையில் எவ்வளவு நீளம் பிடிக்கிறதோ அதுவே ஏறத்தாழ ஒரு கடல் மைல். ஆகவே ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம். மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்தான் ஒரு நாட்.

வரைபடத்தில் நேர்கோடு, பூமியில் சுற்றுவழி

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரமும் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 60 பாகை வடக்கை ஒட்டி இருக்கின்றன. தீர்க்கரேகையிலோ இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 180 பாகை; பூமிப்பந்தின் எதிரெதிர்ப் பக்கங்கள். சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் இரண்டையும் இணைத்துக் கோடு போட்டால் அது 60 பாகை அட்சரேகையோடு ஒட்டியே போகும். அந்த வழியின் நீளம் சுமார் 10,000 கி.மீ.

இப்போது ஒரு பூமி உருண்டையை எடுத்து, இரண்டு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் அட்சரேகையில் நிற்காது. வழுக்கி மேலேறி வடதுருவத்தின் மேலாகப் போய்ப் படியும். அதன் நீளம் சுமார் 6,540 கி.மீ. மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

அந்த நூல் படியும் பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியின் மையம் வழியாக வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஒரு துண்டு அது. உருண்டையின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இதைவிடக் குறுகிய வழி கிடையாது. நிலநடுக்கோடும் எல்லாத் தீர்க்கரேகைகளும் பெருவட்டங்கள்தாம். மற்ற அட்சரேகைகள் அப்படியல்ல. துருவத்தை நெருங்க நெருங்கச் சுருங்கும் சிறு வட்டங்கள்.

வரைபடம் ஏன் ஏமாற்றுகிறது? நாம் அதிகம் பார்க்கும் சதுரக் கட்ட வரைபடம் 1569இல் மெர்கேட்டர் வகுத்த முறையில் வந்தது. அதில் நேர்கோடு போட்டால் திசைகாட்டியின் ஒரே கோணத்தில் கப்பலைச் செலுத்தலாம். மாலுமிகளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. அதற்குக் கொடுத்த விலை, துருவங்களை நோக்கிப் போகப் போக எல்லாம் பெரிதாக இழுபட்டுத் தெரிவது. அந்தத் தாளில் உண்மையான குறுக்குவழி வில்லாக வளைந்து தெரியும். விமானத்தின் முன்னிருக்கைத் திரையில் பாதை வடக்கே வளைந்து போவதைப் பார்த்து "ஏன் சுற்றிக்கொண்டு போகிறார்கள்?" என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. வளைந்தது பாதையல்ல, தாள்.

லண்டனைவிட நியூயார்க் தெற்கே 11 பாகை தள்ளி இருக்கிறது. இருந்தும் பெருவட்டப் பாதையில் போகும் விமானம் லண்டனிலிருந்து 288 பாகைத் திசையில், அதாவது மேற்கிலிருந்து வடக்குப் பக்கம் சாய்ந்து புறப்படும். நியூயார்க்கை எட்டும்போது அதன் திசை 231 பாகை, தென்மேற்கு. வழி நெடுக மூக்கு மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். யாரும் உணர மாட்டார்கள்.

கையால் ஒரு கணக்கு

வேண்டியது இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும். வடக்கும் கிழக்கும் கூட்டல் குறி. தெற்கும் மேற்கும் கழித்தல் குறி. ஹீத்ரோ: 51.47, −0.45. கென்னடி: 40.64, −73.78. தீர்க்கரேகை வித்தியாசம் 73.33 பாகை.

அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.7823 × 0.6513 = 0.5095. 
கோசைன் மதிப்புகளைப் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனாலும் பெருக்குங்கள்: 0.6229 × 0.7588 × 0.2869 = 0.1356. 
இரண்டையும் கூட்டினால் 0.6451. எந்தக் கோணத்தின் கோசைன் இது என்று கால்குலேட்டரில் தலைகீழாகக் கேட்டால் 49.83 பாகை என்று வரும். 
பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டால் ஒரு பாகைக்கு 111.19 கி.மீ. பெருக்கினால் 5,540 கி.மீ.

அப்படியானால் 5,555 எங்கிருந்து வந்தது? பூமி முழு உருண்டை அல்ல. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. இந்தச் சப்பையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் நுட்பமான முறைகள் ஜிபிஎஸ் பயன்படுத்தும் பூமி வடிவத்தை வைத்துப் போடுகின்றன. வித்தியாசம் 15 கி.மீ. அளவுதான், கால் விழுக்காட்டைச் சற்றே தாண்டும். உருண்டைக் கணக்கின் பிழை பொதுவாக அரை விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். காற்று செய்யப்போகும் கூத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இன்னொரு ஐயமும் சிலருக்கு வரும்: 11 கி.மீ. உயரத்தில் பறந்தால் வட்டம் பெரிதாகிவிடாதா? ஆகும், முழுப் பயணத்துக்கும் சேர்த்து 10 கி.மீ.க்குள்.

கணக்கு தப்புவது வேறு இடங்களில். கால்குலேட்டர் பாகைக்குப் பதிலாக ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருப்பது முதல் தப்பு. அப்போது விடை அபத்தமாக வரும் என்பதால் உடனே தெரிந்துவிடும். 51 பாகை 28 கலை என்பதை 51.28 என்று போடுவது அடுத்தது. 28 கலையை 60ஆல் வகுத்து 51.47 என்றுதான் எழுத வேண்டும்; இல்லாவிட்டால் புள்ளி 20 கி.மீ.க்கு மேல் தெற்கே நகர்ந்துவிடும். பசிபிக்கைத் தாண்டும் வழிகளில் தீர்க்கரேகை வித்தியாசம் 180ஐத் தாண்டினால் 360இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். கோசைன் வாய்ப்பாடு இதைத் தானே சரிசெய்துவிடும் என்றாலும், வித்தியாசத்தைப் பார்த்ததும் திசை புரிய இது உதவும்.

மோசமானது குறித் தப்பு, ஏனென்றால் அது ஒளிந்துகொள்ளும். கென்னடியின் தீர்க்கரேகைக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை விட்டுவிட்டால் புள்ளி கிர்கிஸ்தான் மலைகளில் போய் விழும். ஆனால் லண்டன் பூஜ்ஜியத் தீர்க்கரேகையை ஒட்டியே இருப்பதால், அந்த மலைகளும் லண்டனிலிருந்து ஏறக்குறைய 5,600 கி.மீ. தொலைவில்தான். விடையைப் பார்த்தால் சந்தேகமே வராது. ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், புள்ளி எந்த நாட்டில் விழுகிறது என்று வரைபடத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பறக்கும் பாதை இதைவிட நீளம்

பெருவட்டத் தூரம் என்பது இதற்கும் கீழே போக முடியாது என்கிற எல்லை. நடைமுறையில் விமானம் ஓடுபாதையின் திசையில் கிளம்பி, நிலையத்தைச் சுற்றி வகுத்த வழியில் வெளியேறி, வான்வழிப் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. நெடுந்தூரப் பயணத்துக்கு 3 முதல் 5 விழுக்காடு கூட்டிக்கொண்டால் உத்தேசக் கணக்குக்குப் போதும்.

வட அட்லாண்டிக் இதில் தனிக்கதை. நடுக்கடலில் ரேடார் எட்டாது. அதனால் காற்றின் முன்னறிவிப்பைப் பார்த்து ஒவ்வொரு நாளும் இரண்டு முறை தடங்கள் வகுக்கிறார்கள்: பகலில் மேற்கே போகிறவற்றுக்கு ஒரு தொகுதி, இரவில் கிழக்கே வருகிறவற்றுக்கு ஒரு தொகுதி. இன்று கிரீன்லாந்துப் பக்கம் போன தடம் நாளை வெகுதூரம் தெற்கே இறங்கியிருக்கலாம்.

சில வேளை சுற்றுவழி கட்டாயமாகிறது. 2022 பிப்ரவரி இறுதியில் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போக அதுவரை ஒன்பதரை மணி நேரம் போல ஆன பயணம், வடதுருவம் வழியாகச் சுற்றி 13 மணி நேரமாயிற்று. இரண்டு நகரங்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன; பெருவட்டத் தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை.

மலையும் வழி மறிக்கும். விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் சுமார் 10,000 அடிக்கு இறங்க வேண்டும். பயணிகளின் தலைக்கு மேலிருந்து தொங்கும் முகமூடிகளில் ஆக்சிஜன் பொதுவாகக் கால் மணி நேரத்துக்குத்தான் வரும். திபெத் பீடபூமியின் மேல் அவ்வளவு தாழ இறங்க இடமே இல்லை. அதனால் தப்பிக்கும் வழிகளை முன்பே வகுக்காமல் அதைத் தாண்ட முடியாது. பலர் ஒதுங்கியே போகிறார்கள். இரண்டு எஞ்சின் விமானங்களுக்கு இன்னொரு விதி: ஓர் எஞ்சின் நின்றால் மற்றொன்றை வைத்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு நிலையத்தை எட்ட முடிய வேண்டும். ஈடாப்ஸ் என்று இதைச் சொல்வார்கள். 1950களில் 60 நிமிடமாக இருந்த வரம்பு இப்போது வெகுவாகத் தளர்ந்திருக்கிறது. ஏர்பஸ் ஏ350க்கு 2014இல் 370 நிமிடம் வரை ஒப்புதல் கிடைத்தது. பெருங்கடல் நடுவே நேர்வழி திறந்தது இப்படித்தான்.

வேகம் என்றால் எந்த வேகம்?

பெரிய ஜெட் விமானத்தின் பறக்கும் வேகத்தை ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டு மாக் எண்ணாகச் சொல்வது வழக்கம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை மாக் 0.85ஐ ஒட்டிப் பறக்கும்; ஏ320, 737 போன்ற சிறியவை 0.78 அளவில். 11 கி.மீ. உயரத்தில் காற்றின் வெப்பநிலை சராசரியாக −56.5 பாகை செல்சியஸ். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கி.மீ. அதில் 0.85 பங்கு 903 கி.மீ.; 0.78 பங்கு 828 கி.மீ.

இது விமானத்தைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருக்கிறது. தரையைப் பொறுத்த வேகம் வேண்டுமானால் காற்றின் வேகத்தைக் கூட்டியோ கழித்தோ பார்க்க வேண்டும். முன்னிருக்கைத் திரையில் தெரிவது தரைவேகம். மணிக்கு 1,150 கி.மீ. என்று அது காட்டினால் விமானம் ஒலியை மிஞ்சிவிட்டது என்று பொருளல்ல. பின்னாலிருந்து பலமாகக் காற்று தள்ளுகிறது.

தள்ளுவது ஜெட் காற்றோட்டம். 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், நடு அட்சரேகைகளில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் குறுகலான காற்றாறு. வெப்பப் பகுதிக்கும் துருவக் குளிருக்கும் உள்ள வெப்ப வேறுபாடே அதற்கு விசை. குளிர்காலத்தில் அந்த வேறுபாடு கூடும், காற்றும் கூடும். மணிக்கு 150, 200 கி.மீ. சாதாரணம், மிஞ்சினால் 400ஐயும் தொடும். விமானங்கள் விரும்பும் உயரமும் இதுவே என்பதால் கிழக்கே போகிறவை இதற்குள் புகுந்துகொள்ளும், மேற்கே போகிறவை விலகி ஓடும். தூரம் கூடினாலும் நேரம் குறையும் பாதையைத்தான் அன்றன்று தேர்ந்தெடுக்கிறார்கள்.

லண்டன்–நியூயார்க்கில் எண்ணைப் போட்டுப் பார்ப்போம். காற்றே இல்லாமல் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 5,540 கி.மீ.க்கு 6 மணி 9 நிமிடம். பின்னாலிருந்து 100 கி.மீ. காற்று என்றால் 5 மணி 32 நிமிடம். எதிரே வந்தால் 6 மணி 56 நிமிடம். இரண்டுக்கும் இடையே 1 மணி 24 நிமிட இடைவெளி.

போகும்போது இழந்ததை வரும்போது எடுத்துவிடலாம் என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள்: காற்றோடு போய்வர 12 மணி 28 நிமிடம், காற்றில்லாமல் 12 மணி 19 நிமிடம். ஒன்பது நிமிடம் எங்கே போயிற்று? எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது, சாதகக் காற்றில் குறைந்த நேரமே இருக்கிறது. அதனால் நட்டம் எப்போதும் லாபத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பக்கவாட்டுக் காற்றும் சும்மா விடாது. 100 கி.மீ. காற்று முழுக்கப் பக்கத்திலிருந்து அடித்தால், பாதையை விட்டு விலகாமலிருக்க மூக்கை 6 பாகைக்குச் சற்று மேல் காற்றின் பக்கம் திருப்பிப் பறக்க வேண்டும்; தரைவேகம் 894 ஆகும்.

2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து இறங்கியது. இடையில் தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. உண்மையாகவே ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட், 1996 பிப்ரவரி 7 அன்று இதே வழியை 2 மணி 52 நிமிடம் 59 வினாடியில் கடந்தது.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் எதிரே ஓடி வரும் என்று ஒரு விளக்கம் உலவுகிறது. அப்படியானால் மேற்கே போவதுதான் சீக்கிரம் முடிய வேண்டும்; நடப்பதோ நேர்மாறு. பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, அந்தக் காற்றில் மிதக்கும் விமானமும் சுழல்கிறது. சுழற்சியின் பங்கு மறைமுகமானது: வெப்பத்தால் நகரும் காற்றைத் திருப்பி, ஜெட் காற்றோட்டத்தை மேற்கு–கிழக்காக ஓடவைப்பது அதுதான்.

அட்டவணையில் உள்ள நேரம்

பயணச்சீட்டில் போட்டிருப்பது வானில் இருக்கும் நேரம் அல்ல. வாயிலை விட்டு விமானம் நகர்வதிலிருந்து மறுமுனையில் வாயிலில் வந்து நிற்பது வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக 10 முதல் 30 நிமிடம், வரிசையில் காத்திருப்பு, மேலேறும்போதும் இறங்கும்போதும் குறைந்த வேகம், இறங்கியபின் மீண்டும் ஊர்தல், எல்லாம் இதில் அடக்கம். இவற்றோடு, தாமதமாகாமல் தப்பிக்கச் சற்று நேரத்தை நிறுவனங்கள் சேர்த்துப் போடுகின்றன. "அரை மணி முன்னதாகவே வந்துவிட்டோம்" என்ற அறிவிப்பில் பாதிப் பெருமை அட்டவணை போட்டவருக்குச் சேர வேண்டியது.

உத்தேசமாகச் சொல்ல ஒரு வழி: பெருவட்டத் தூரத்தை 850ஆல் வகுத்து, 40 நிமிடம் கூட்டுங்கள். 850 என்ற எண்ணிலேயே சுற்றுவழி அடங்கிவிடும். சிங்கப்பூர்–நியூயார்க் சுமார் 15,350 கி.மீ.; வகுத்தால் 18 மணி, கூட்டினால் 18 மணி 40 நிமிடம். அட்டவணையும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. பெர்த்–லண்டன் 14,500 கி.மீ.; 17 மணி 40 நிமிடம் என்று வரும், அட்டவணையோடு இதுவும் ஏறத்தாழப் பொருந்தும். நடு அட்சரேகையில் கிழக்கு–மேற்காகப் போகும் நெடும் பயணமானால், கிழக்கே அரை மணி குறையுங்கள், மேற்கே அரை மணி கூட்டுங்கள். குளிர்காலத்தில் இன்னும் கொஞ்சம். வடக்கு–தெற்குப் பயணங்களுக்கு இந்தத் திருத்தம் பொதுவாக வேண்டாம். இறங்கி ஏறும் பயணமானால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே போட வேண்டும். மொத்தத் தூரத்தை ஒரே தடவை வகுத்துவிட்டு 40 நிமிடத்தை ஒரு முறை மட்டும் கூட்டுவது வழக்கமான தவறு.

பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே பெருவட்டத் தூரம் 20,000 கி.மீ. அளவைத் தாண்டாது, அது பூமிச் சுற்றளவில் பாதி. விடை அதற்கு மேல் வந்தால் கணக்கில் எங்கோ கோளாறு.

கடிகாரம் காட்டும் பொய்

புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதை அப்படியே கழித்தால் பயண நேரம் வராது. இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும்.

டோக்கியோவிலிருந்து மாலை 5 மணிக்குக் கிளம்பும் விமானம் அதே நாள் காலை 10 மணிக்கு லாஸ் ஏஞ்சலஸில் இறங்குகிறது என்று வையுங்கள். கிளம்புவதற்கு ஏழு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது போலத் தெரியும். டோக்கியோ நேரம் உலகப் பொது நேரத்தைவிட 9 மணி முன்னே. ஆகவே கிளம்பியது 08:00. லாஸ் ஏஞ்சலஸ் குளிர்காலத்தில் 8 மணி பின்னே. ஆகவே இறங்கியது 18:00. பயணம் 10 மணி நேரம். இடையில் தேதிக்கோட்டைக் கிழக்கு நோக்கித் தாண்டியதால் ஒரு நாள் திரும்பக் கிடைத்திருக்கிறது.

திரும்பும்போது லாஸ் ஏஞ்சலஸில் காலை 11 மணிக்கு ஏறினால் பொது நேரம் 19:00. எதிர்க்காற்றோடு 12 மணி நேரம் பறந்து மறுநாள் 07:00க்கு இறங்கினால் டோக்கியோவில் மாலை 4 மணி. கடிகாரத்தில் 29 மணி நேரம் கழிந்திருக்கும், விமானத்தில் உட்கார்ந்தது 12 மணி நேரம்.

இதில் கவனம் தப்புவது கோடைகால நேரமாற்றத்தில். லாஸ் ஏஞ்சலஸ் மார்ச் முதல் நவம்பர் வரை கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைத்துக்கொள்கிறது, டோக்கியோ மாற்றுவதே இல்லை. லண்டனும் நியூயார்க்கும் இரண்டுமே மாற்றுகின்றன. ஆனால் ஒரே நாளில் அல்ல. மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 5 மணிக்குப் பதிலாக 4 மணி. அந்த நாள்களில் வழக்கமான 5 மணியை வைத்துக் கழித்தால், மேற்கே போகும் 8 மணிப் பயணம் 9 என்றும், கிழக்கே வரும் 7 மணிப் பயணம் 6 என்றும் தெரியும்.